மோராவா, மிர்த்தில்லோவா? ஆங்கிலத்துக்கும் இத்தாலியத்துக்கும் இடையே பெர்ரிப் பெயர்கள்

இத்தாலியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு நான் முதன்முதலில் பெயர்த்துக் கொடுத்த சமையல் குறிப்பில் ‘க்ரோஸ்தாத்தா தி மோரே’ என்றொரு பலகாரம் இருந்தது. அகராதியைத் திறந்தேன். ‘மோரா’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். முதலில் இருந்தது மல்பெரி. அதையே எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் சரிபார்த்தவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: “முட்களுக்கிடையே பார்த்துக் கையை விட்டுப் பறிக்கவும் என்று நான்காவது வரியில் இருக்கிறதே, மல்பெரி மரத்தில் ஏது முள்?” பழம் ப்ளாக்பெரி. விடை அதே பக்கத்தில் என் கண்முன் இருந்திருக்கிறது. அகராதியைப் பார்த்த நான் குறிப்பை முழுதாகப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து பெயரிலிருந்து நேராகப் பெயருக்குத் தாவுவதை விட்டுவிட்டேன். முதலில் பெயரிலிருந்து செடிக்குப் போகிறேன். பிறகு அந்தச் செடிக்கு மறு மொழியில் என்ன பெயர் என்று பார்க்கிறேன். இரண்டு மொழிகளும் இந்தப் பழங்களை ஒரே இடத்தில் கோடு கிழித்துப் பிரிக்கவில்லை என்பதுதான் காரணம். ஆங்கிலம் நான்கு பெயர் வைத்திருக்கும் இடத்தில் இத்தாலியம் ஒரே பெயரோடு நிற்கும். ஆங்கிலம் ஒரே சொல்லில் முடிக்கும் இடத்தில் இத்தாலியம் இரண்டு தனிச் சொற்களைக் கேட்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த வரிசையில் போகலாம், எங்கே நின்று யோசிக்க வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் படி: ஒரு நோட்டும் மூன்று பத்தியும்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆங்கிலப் பெயர், வலப்பக்கம் இத்தாலியப் பெயர், நடுவில் தாவரவியல் பெயர். நடுப்பத்திதான் எல்லாவற்றையும் தாங்கும் தூண். அது காலியாக இருக்கும்வரை மற்ற இரண்டையும் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். லேபிள், விதைப் பட்டியல், மருந்துக் குறிப்பு போன்றவற்றில் பெரும்பாலும் தாவரவியல் பெயரையே அச்சிட்டிருப்பார்கள். அப்போது பாதி வேலை முடிந்தது. சமையல் குறிப்பிலும் கதையிலும் அது இருக்காது. அங்கே நீங்கள்தான் தடயம் தேட வேண்டும்: மரமா புதரா, முள் உண்டா, காட்டில் பறித்ததா கடையில் வாங்கியதா, எந்த மாதம், எந்த ஊர், நறுக்கினால் உள்ளே என்ன நிறம்.

இரண்டாம் படி: ‘பெர்ரி’ என்ற சொல்லையே சந்தேகப்படுங்கள்

ஆங்கிலத்தின் பெர்ரிக்கு இத்தாலிய அகராதி ‘பாக்கா’ என்று கொடுக்கும், பன்மை ‘பாக்கே’. தாவரவியலில் அது சரி. சமையலறையில் தவறு. கலவை பெர்ரிகள் போட்ட தயிரை ‘பாக்கே’ போட்ட தயிர் என்று எழுதினால், ஏதோ புதரிலிருந்து உதிர்த்த காட்டுக் காய்கள் என்றுதான் இத்தாலியர் நினைப்பார். அவர் சொல்வது ‘ஃப்ரூத்தி தி போஸ்கோ’, அதாவது காட்டுப் பழங்கள். தோட்டத்தில் விளைந்தாலும் பெயர் அதுதான். பயிர் செய்கிறவர்களும் வேளாண் கட்டுரைகளும் ‘பிக்கொலி ஃப்ரூத்தி’, சிறு பழங்கள், என்கிறார்கள். ‘பாக்கே’ இயல்பாக வரும் இடங்களும் உண்டு: ஜூனிபர் காய்கள் ‘பாக்கே தி ஜினேப்ரோ’, கோஜி ‘பாக்கே தி கோஜி’. உலர்த்தி மசாலாவாகவோ மருந்தாகவோ பயன்படுவது என்றால் ‘பாக்கே’, கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிடுவது என்றால் ‘ஃப்ரூத்தி’ என்று நான் தோராயமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

மூன்றாம் படி: மோராவைப் பிரித்தல்

லத்தீனிலேயே ‘மோரும்’ என்ற சொல் மல்பெரியையும் ப்ளாக்பெரியையும் சேர்த்தே குறித்தது. அந்தப் பழைய இரட்டைப் பொருளை இத்தாலியம் அப்படியே வைத்துக்கொண்டது. இன்று வெறுமனே ‘மோரா’ என்று வந்தால் பெரும்பாலும் ப்ளாக்பெரி. குழப்பம் வரும் என்று எழுதியவருக்கே தோன்றினால் ‘மோரா தி ரோவோ’ என்பார். ரோவோ என்பது முட்புதர். மல்பெரி என்றால் ‘மோரா தி ஜெல்சோ’. ஜெல்சோ என்பது மரம். சிசிலியில் மரத்தின் பெயரே பழத்துக்கும் ஆகிவிட்டது. அங்கே ‘க்ரனீத்தா தி ஜெல்சி’ என்றால் மல்பெரியில் செய்த பனிச்சீவல்.

பழம் கையில் கிடைத்தாலோ நல்ல படம் கிடைத்தாலோ சண்டையே இல்லை. ராஸ்பெரியைப் பறித்தால் அதன் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடும். கையில் வருவது உள்ளே குழிந்த ஒரு சிறு தொப்பி. ப்ளாக்பெரியில் நடுத்தண்டு பழத்தோடு வந்துவிடும். கடித்தால் மையத்தில் வெளிர் நிறத்தில் ஒரு திடமான திரி. மல்பெரியில் பச்சை நிறக் காம்பு ஒன்று பழத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பழமும் சற்று நீண்டிருக்கும். இந்த மூன்றையும் மனத்தில் பதித்துக்கொண்டால் இன்னொரு பொறியிலிருந்தும் தப்பலாம்: வட அமெரிக்காவின் கறுப்பு ராஸ்பெரி. கறுப்பாக இருக்கிறதே என்று மோரா ஆக்கிவிடாதீர்கள். உள்ளே குழி இருக்கிறது, ஆகவே ‘லம்போனே நேரோ’: லம்போனே என்றால் ராஸ்பெரி, நேரோ என்றால் கறுப்பு.

ஆங்கிலத்திலிருந்து வரும்போது ‘ப்ராம்பிள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதுவாக அது முட்புதர், அதாவது ரோவோ. ஸ்காட்லாந்தில் பழத்தையும் அப்படியே சொல்வார்கள். ப்ராம்பிள் ஜெல்லி என்று கண்டால் மோராதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒப்பந்தங்களில் ‘இன்தெரெஸ்ஸி தி மோரா’ என்று வரும் மோராவுக்கும் பழத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அது தவணை தவறியதற்கான வட்டி.

நான்காம் படி: மிர்த்தில்லோ, எல்லாவற்றிலும் கடினமானது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ‘மிர்த்தில்லோ’வுக்கு ப்ளூபெரி என்று எழுதி நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இத்தாலியத்தின் மிர்த்தில்லோ முதலில் ஆல்ப்ஸிலும் அப்பென்னைன் மலைகளிலும் தானாக வளரும் சிறு செடியின் பெயர்: வாக்சினியம் மிர்டிலஸ், ஆங்கிலத்தில் பில்பெரி. கடைகளில் பிளாஸ்டிக் பெட்டியில் கிடைக்கும் பெரிய பழம் அமெரிக்காவிலிருந்து வந்தது: வாக்சினியம் கொரிம்போசம். ஃப்ரெடரிக் கோவில், எலிசபெத் ஒயிட் என்ற இருவரும் நியூஜெர்சியில் காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிராக்கினார்கள். அதன் முதல் வணிக அறுவடை 1916-இல் விற்பனைக்கு வந்தது. தாவரப் பட்டியல்களில் இத்தாலியர்கள் அதை ‘மிர்த்தில்லோ ஜிகாந்தே அமெரிக்கானோ’, அமெரிக்கப் பெரு மிர்த்தில்லோ, என்று பிரித்துச் சொல்கிறார்கள். அன்றாடப் பேச்சில் இரண்டும் மிர்த்தில்லோதான்.

இரண்டையும் நறுக்கிப் பாருங்கள். பில்பெரியின் சதை உள்ளே வரை ஊதா. விரல், நாக்கு, பல், மேஜைத்துணி எல்லாவற்றிலும் கறை ஏறும். ப்ளூபெரியில் தோல் மட்டும்தான் நீலம். சதை வெளிர் பச்சை. பில்பெரிச் செடி முழங்காலுக்கு மேல் வளர்வது அரிது, பழங்கள் ஒன்றொன்றாகத் தொங்கும். ப்ளூபெரி ஆள் உயரப் புதர், பழங்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இதனால் ‘நாக்கு கறுத்துப்போனது’, ‘சீப்புப் போன்ற கருவியால் வாரி எடுத்தார்கள்’, ‘மலைப்பாதையில் குனிந்து பறித்தாள்’ போன்ற தொடர்கள் வந்தால் பில்பெரி. ‘125 கிராம் பெட்டி ஒன்று’ என்று வந்தால் ப்ளூபெரி. கண் ஆரோக்கியத்துக்கான மாத்திரைப் பெட்டியில் மிர்த்தில்லோ சாறு என்றிருந்தால் பெரும்பாலும் பில்பெரிதான். ஆனாலும் அங்கே தாவரவியல் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே எழுதுங்கள். உடலுக்குள் போகும் பொருளில் ஊகம் கூடாது.

யாருக்காகப் பெயர்க்கிறீர்கள் என்பதும் இங்கே முக்கியம். பிரிட்டனில் படிப்பவருக்குப் பில்பெரி தெரியும்; அங்கேயே வட்டாரத்துக்கு வட்டாரம் ப்ளேபெரி, வர்ட்டில்பெரி என்றும் பெயர்கள் உண்டு. அவற்றை இத்தாலியத்துக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் ‘மிர்த்தில்லோ நேரோ’வில் அடங்கிவிடும். அமெரிக்க வாசகருக்குப் பில்பெரி அவ்வளவு பழக்கமில்லாத சொல். அவருக்காகக் ‘காட்டு ப்ளூபெரி’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரில் அங்கே விற்பது மெய்ன் மாநிலத்தின் குட்டைச் செடியான வாக்சினியம் அங்குஸ்டிஃபோலியம்; அது வேறு இனம். சமையல் குறிப்பில் அந்த மாற்று பரவாயில்லை, சுவை கெடாது. தாவரங்களைப் பற்றிய நூலிலோ மலைநடைக் கையேட்டிலோ நான் அதை ஏற்கமாட்டேன். பில்பெரி என்றே எழுதி ஒரு வரி விளக்கம் சேர்ப்பேன்.

‘மிர்த்தோ’ வேறு. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் மிர்ட்டில் புதர் அது; சார்டினியாவின் புகழ்பெற்ற கருநிற மதுவும் அதன் பழத்திலிருந்துதான். மிர்த்தில்லோ என்ற சொல் ‘சின்ன மிர்த்தோ’ என்ற பொருளில் மிர்த்தோவிலிருந்து பிறந்தது உண்மை. உறவு சொல்லில் மட்டும்தான், செடியில் இல்லை. சார்டினிய உணவக மெனுவில் மிர்த்தோவை ப்ளூபெரி மது என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், மனம் வலித்தது.

சிவப்பு மிர்த்தில்லோ

‘மிர்த்தில்லோ ரோஸ்ஸோ’வுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். முறைப்படி அது வாக்சினியம் விட்டிஸ்-இடேயா, ஆங்கிலத்தில் லிங்கன்பெரி அல்லது கௌபெரி. ஆனால் அமெரிக்காவிலிருந்து க்ரான்பெரி சாறும் உலர்ந்த க்ரான்பெரியும் இத்தாலியக் கடைகளுக்கு வந்தபோது, பெட்டிகளில் அதே ‘மிர்த்தில்லோ ரோஸ்ஸோ’ என்ற பெயரை ஒட்டினார்கள். இன்று இரண்டுக்கும் அந்தப் பெயர் ஓடுகிறது. கவனமாக எழுதுகிறவர்கள் க்ரான்பெரியை ‘மிர்த்தில்லோ ரோஸ்ஸோ அமெரிக்கானோ’ அல்லது ‘ஒஸ்ஸிகொக்கோ’ என்று பிரிக்கிறார்கள். பலர் ஆங்கிலச் சொல்லையே வைத்துவிடுகிறார்கள்.

ஒரு மெனு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘ஃபிலெத்தோ தி செர்வோ கொன் மிர்த்தில்லி ரோஸ்ஸி’. மான் இறைச்சித் துண்டு, சிவப்பு மிர்த்தில்லோக்களுடன். உணவகம் வட இத்தாலியின் ஆல்தோ அதிஜே பகுதியில் இருக்கிறது. அங்கே ஜெர்மனும் பேசுகிறார்கள், மெனுவும் பெரும்பாலும் இரு மொழியில் இருக்கும். பக்கத்து வரியில் ‘ப்ரைசல்பேரன்’ என்றிருந்தால் வழக்கு முடிந்தது: லிங்கன்பெரி. அது இல்லாவிட்டாலும் ஆல்ப்ஸ் மலைச் சமையலில் வேட்டை இறைச்சியோடு வருவது இந்தப் பழம்தான். அதே சொல் சிறுநீர்த் தொற்றுக்கான மாத்திரைத் தாளில் வந்தால் க்ரான்பெரி. வான்கோழியோடு வந்து, கதையோ அமெரிக்க நவம்பரில் நடந்தால் க்ரான்பெரி. நறுக்கிப் பார்க்க முடிந்தால் க்ரான்பெரிக்குள் நான்கு காற்றறைகள் தெரியும். அவற்றால்தான் அறுவடையின்போது அது தண்ணீரில் மிதக்கிறது. லிங்கன்பெரி அதைவிடச் சிறியது, உள்ளே அப்படிப்பட்ட வெற்றிடம் இருக்காது.

ஐந்தாம் படி: கரன்ட் என்றால் எந்தக் கரன்ட்?

இத்தாலியத்திலிருந்து வரும்போது இங்கே சிக்கல் இல்லை. ‘ரீபெஸ்’ என்பது புதரில் காய்க்கும் புளிப்பான சிறு பழம். ‘ரீபெஸ் ரோஸ்ஸோ’ ரெட்கரன்ட், ‘ரீபெஸ் நேரோ’ ப்ளாக்கரன்ட். நிறம் சொல்லாமல் ரீபெஸ் என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் சிவப்பு. ப்ளாக்கரன்ட்டுக்கு ‘கஸ்ஸிஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் இத்தாலியத்தில் புழங்குகிறது, முக்கியமாக மது பற்றிய எழுத்தில்.

ஆங்கிலத்திலிருந்து போகும்போதுதான் பள்ளம். ஆங்கிலத்தில் கரன்ட் என்பது முதலில் கிரேக்கத்தின் கொரிந்த் துறைமுகத்தின் பெயரால் வந்த சின்னஞ்சிறு உலர்திராட்சை. புதரில் காய்க்கும் பழத்துக்கு அந்தப் பெயர் பின்னால்தான் ஒட்டியது. ஆகவே கேக், பன், கிறிஸ்துமஸ் புட்டிங் குறிப்புகளில் நிறமில்லாமல் வரும் கரன்ட்டை ரீபெஸ் ஆக்கினால் மாவுக்குள் புளித்த ஈரப் பழம் போய்விடும். அங்கே வேண்டியது ‘உவெத்தா தி கொரிந்தோ’. பட்டியலில் பக்கத்திலேயே கிஸ்மிஸ் வகைகள் நின்றால், அளவு உலர்பொருளைப் போல இருந்தால், ‘முந்தைய இரவே ஊறவைக்கவும்’ என்றிருந்தால் அது திராட்சைதான்.

கூஸ்பெரியும் கிட்டத்தட்ட இதே கதை. உண்மையான கூஸ்பெரி ‘ஊவா ஸ்பீனா’. சொல்லுக்குச் சொல் முள் திராட்சை. அதில் திராட்சையைத் தேடாதீர்கள். கேப் கூஸ்பெரி என்றால் காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிற ஃபைசாலிஸ், இத்தாலியத்தில் ‘அல்கெகெஞ்ஜி’. பழைய ஆங்கில நூலில் சைனீஸ் கூஸ்பெரி என்று கண்டால் அது கிவி. நியூசிலாந்து ஏற்றுமதியாளர்கள் 1959-இல் பெயரை மாற்றினார்கள். ஒரே கூஸ்பெரி, இத்தாலியத்தில் தொடர்பே இல்லாத மூன்று சொற்கள்.

ஸ்ட்ராபெரியின் போலி உறவினர்கள்

‘ஃப்ராகொலா’ ஸ்ட்ராபெரி, ‘ஃப்ராகொலீனா தி போஸ்கோ’ காட்டு ஸ்ட்ராபெரி. ரோமுக்கு அருகிலுள்ள நேமி என்ற ஊர் அதற்குப் பேர்போனது. இதில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது ‘ஊவா ஃப்ராகொலா’வில். அது ஸ்ட்ராபெரி மணமுள்ள திராட்சை. ஆங்கிலத்தில் இசபெல்லா திராட்சை. ‘ஃப்ராகொலீனோ’ அந்தத் திராட்சையில் செய்த மதுவாக இருக்கலாம், மீன் கடையில் கண்டால் சிவந்த நிறமுள்ள ஒரு கடல் மீன். ஆங்கிலத்தின் ஸ்ட்ராபெரி மரத்துக்கு இத்தாலியத்தில் ‘கோர்பெத்ஸொலோ’ என்று தனிப் பெயரே உண்டு. பச்சை இலை, வெள்ளைப் பூ, சிவப்புப் பழம் மூன்றும் ஒரே நேரத்தில் கிளையில் இருப்பதால், இத்தாலியர்கள் அதில் தங்கள் கொடியைக் கண்டார்கள். நாட்டுப்பற்றுப் பாட்டில் இந்த மரம் வந்து நீங்கள் அதை ஸ்ட்ராபெரிச் செடி ஆக்கிவிட்டால் பாட்டின் உயிரே போய்விடும்.

மற்றவை எளிது. ராஸ்பெரி லம்போனே. எல்டர்பெரி சம்பூக்கோ, சம்பூக்கா என்ற மதுவில் முன்னால் நிற்கும் சுவை சோம்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வடக்கு நாடுகளின் க்ளௌட்பெரி கமெமோரோ. லோகன்பெரி, டேபெரி போன்ற கலப்பினங்களுக்கு இத்தாலியத்தில் நிலைத்த பெயரில்லை. ஆங்கிலப் பெயரையே வைத்து, மோராவும் லம்போனேயும் கலந்தது என்று முதல் முறை மட்டும் சொல்லிவிடுங்கள். வட அமெரிக்காவின் ஹக்கிள்பெரி கலப்பினம் இல்லை, ஆனால் அதற்கும் ஆங்கிலப் பெயரையே வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஒருமையும் பன்மையும்

பழத்தைச் சரியாகப் பிடித்த பிறகும் இலக்கணம் காலை வாரிவிடும். ஆங்கிலம் பழத்தை ஒருமையில் ஒட்டி ப்ளூபெரி ஜாம் என்கிறது. இத்தாலியம் பன்மை கேட்கிறது, ‘கொன்ஃபெத்தூரா தி மிர்த்தில்லி’. ரீபெஸ் என்ற சொல் பன்மையிலும் மாறாது. ஊவா ஸ்பீனா எத்தனை கிலோ ஆனாலும் ஒருமையில்தான் நிற்கும். மோராவின் பன்மையான மோரே, எழுத்தில் ஆங்கிலத்தின் ‘இன்னும்’ என்ற சொல்லைப் போலவே இருக்கும். இருமொழிக் கோப்பில் எழுத்துப் பிழை திருத்தி அதைக் கண்டுகொள்ளாது, நீங்கள்தான் கண் வைக்க வேண்டும்.

பாலும் கவனிக்க வேண்டியதே. ஆப்பிள், பேரிக்காய் போன்றவற்றில் பழம் பெண்பால், மரம் ஆண்பால் என்று இத்தாலியம் கற்பவர்கள் படித்திருப்பார்கள். அந்த விதியை இங்கே கொண்டுவராதீர்கள்: லம்போனே, மிர்த்தில்லோ, ரீபெஸ் மூன்றும் பழமாக இருந்தாலும் செடியாக இருந்தாலும் ஆண்பால்.

ஜாம் என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வீட்டில் எல்லாமே ‘மர்மெல்லாத்தா’. ஆனால் 2001-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி, விற்பனைப் பெயராக மர்மெல்லாத்தாவை ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளுக்கு ஒதுக்கியது. ஆகவே பெர்ரி பாட்டிலின் லேபிளைப் பெயர்க்கும்போது கொன்ஃபெத்தூரா. கதையில் ஒரு பாட்டி கிளறும்போது மர்மெல்லாத்தா.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு சொல் பிடிபடாவிட்டால், வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள். ‘எந்த மிர்த்தில்லோ?’ என்று கேட்காதீர்கள். ‘மிர்த்தில்லோதான்’ என்று பதில் வரும். அவர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். நான் அனுப்பும் கடிதம் இரண்டே வரி: “இந்தப் பழத்தை நறுக்கினால் உள்ளே ஊதாவா, வெளிர் பச்சையா? காட்டில் பறித்ததா, பெட்டியில் வாங்கியதா?”